ஐந்து தோட்டா ரிவால்வருக்கு லேசர் போடலாமா? க்ரிம்ஸன் ட்ரேஸ் எல்ஜி-405 க்ரிப் பற்றி

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 போல உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ரிவால்வரை வாங்கியவர்கள் அடுத்ததாகக் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: லேசர் போடலாமா, இல்லை அது வெறும் காசுக்குக் கேடா? போடலாம், நல்ல பொருள்தான். ஆனால் கடையில் சொல்லி விற்கிற காரணத்துக்காகப் போடாதீர்கள். சிவப்புப் புள்ளியைப் பார்த்ததுமே எதிரே நிற்பவன் பயந்து ஓடிவிடுவான், இனிமேல் குறி பார்க்கவே வேண்டாம், புள்ளி எங்கே விழுகிறதோ அங்கே குண்டு போகும் என்றெல்லாம் சொல்வார்கள். இதையெல்லாம் நம்பி வாங்குகிறவர்கள் கொஞ்ச நாளில் வெறுத்துப்போய் அதைக் கழற்றி மேசை டிராயரில் போட்டுவிடுகிறார்கள். இதன் நிஜமான பலன் வேறு. ட்ரிகரை இழுக்கிற அந்த ஒரு நொடியில் உங்கள் கை என்ன செய்கிறது என்பதை, உங்கள் வீட்டுச் சுவரிலேயே, ஒரு தோட்டாகூடச் செலவில்லாமல் இது காட்டிக்கொடுத்துவிடும். சின்னத் துப்பாக்கி வைத்திருக்கிறவர்களுக்கு அதைவிடத் தேவையான பாடம் வேறு இல்லை.

நான் இருப்பது டெக்சாஸில், டாலஸ் பக்கம். இங்கே 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, சட்டத்தடை எதுவும் இல்லாதவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லலாம். உரிமம் எடுப்பதே நல்லது என்பது என் எண்ணம், வகுப்பில் உட்கார்ந்து சட்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவாவது உதவும். நம் ஆட்கள் படிப்பார்கள் என்பதால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: எச்-1பி, எல்-1, எஃப்-1 மாதிரி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதற்கு மத்திய சட்டத்திலேயே தடை இருக்கிறது, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர. டெக்சாஸ் சட்டம் தளர்ந்ததால் அந்தத் தடை போய்விடவில்லை. கிரீன் கார்டு வந்தவர்களுக்கு அது கிடையாது. விசாவில் இருந்தால் முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள், நண்பர் சொன்னார் என்று கடைக்குப் போகாதீர்கள்.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். இந்த ஊர் வெயிலில் மே முதல் செப்டம்பர் வரை டி-ஷர்ட்டைத் தவிர வேறு எதையும் உடம்பில் போட முடியாது. பெரிய பிஸ்டலை இடுப்பில் மறைப்பது பெரும் பாடு. அதனால்தான் 642 மாதிரி ரிவால்வர்களும், 2008-ல் வந்த ரூகர் எல்சிபி மாதிரி குட்டிப் பிஸ்டல்களும் இவ்வளவு விற்கின்றன. 642 என்பது .38 ஸ்பெஷல் வகைத் தோட்டா போடும் ரிவால்வர், ஐந்து தோட்டா, குழல் நீளம் 1.875 அங்குலம், அலுமினியச் சட்டம் (ஃப்ரேம்), காலியாக இருக்கும்போது எடை 15 அவுன்ஸுக்கும் கொஞ்சம் குறைவு, நம் கணக்கில் 400 கிராமுக்குச் சற்று மேல். பேன்ட் பாக்கெட்டில் போட்டால் இருப்பதே தெரியாது. எடுத்துச் செல்ல இவ்வளவு வசதியான துப்பாக்கி, சுடுவதற்கு அவ்வளவு கஷ்டமானது. இதை விற்கிறவர்கள் சொல்ல மாட்டார்கள். எடை இல்லாததால் உதை கடுமையாக இருக்கும். சுத்தியல் உள்ளே மறைந்திருப்பதால் ஒவ்வொரு முறையும் முழு நீள ட்ரிகர்தான், ஏறக்குறைய 12 பவுண்டு இழுவை. துப்பாக்கியின் எடை ஒரு பவுண்டு கூட இல்லை, அதன் ட்ரிகரை இழுக்க 12 பவுண்டு விசை என்றால், விரல் இழுக்கும்போது மொத்தத் துப்பாக்கியும் சேர்ந்து திரும்பாமல் என்ன செய்யும்?

அப்புறம் சைட், அதாவது குறி பார்க்கும் அமைப்பு. பின்பக்கம் சட்டத்தின் மேலே வெட்டிய ஒரு பள்ளம், முன்பக்கம் குழலோடு சேர்ந்தே வார்த்த ஒரு சின்னச் சரிவு, அவ்வளவுதான். இரண்டும் ஒரே வெள்ளி நிறம். வெயிலில் முன் சைட் பளபளத்து மறைந்துபோகும், இருட்டில் இருப்பதே தெரியாது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் குறைவு என்பதால், முன் சைட் ஒரு மயிரிழை விலகினாலும் குறி நிறையவே விலகும். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு இன்னொரு தொல்லை. வெள்ளெழுத்து வந்துவிட்டதால், கை நீட்டும் தூரத்தில் இருக்கும் முன் சைட்டைக் கண்ணால் கூர்மையாகப் பிடிக்க முடியாது. படிக்கிற கண்ணாடி போட்டால் சைட் தெரியும், இலக்கு மங்கும். கழற்றினால் இலக்கு தெரியும், சைட் மங்கும். லேசர் இந்தத் தொல்லையை அடியோடு தீர்க்கிறது, ஏனென்றால் புள்ளி இலக்கின் மேலேயே இருக்கிறது. கண் ஒரே தூரத்தைப் பார்த்தால் போதும். என் வயதுக்காரர்களுக்கு இது ஒன்றே பாதி காசுக்குச் சமம்.

க்ரிம்ஸன் ட்ரேஸ் 1994-ல் ஓரிகன் மாநிலத்தில் தொடங்கிய நிறுவனம். கைப்பிடிக்குள்ளேயே லேசரை வைத்துப் பிரபலமானவர்கள். 2016-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அதை வாங்கியது. 2020-ல் அது அமெரிக்கன் அவுட்டோர் பிராண்ட்ஸ் என்று தனியாகப் பிரிந்த நிறுவனத்தோடு போய்விட்டது. எல்ஜி-405 என்பது ஜே-ஃப்ரேம், அதாவது 642 போன்ற ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் குட்டி ரிவால்வர்களுக்கான க்ரிப் (கைப்பிடி). பழைய க்ரிப்பின் ஒரே ஒரு திருகைக் கழற்றி, அதை எடுத்துவிட்டு இதை மாட்ட வேண்டும், அவ்வளவுதான். துப்பாக்கியில் எங்கும் துளை போட வேண்டாம், வெட்ட வேண்டாம். ரப்பர் பூச்சு, முதுகுப் பக்கத்தில் மெத்தென்று காற்றுப் பை மாதிரி இடம் விட்டிருக்கிறார்கள், உள்ளங்கையின் பள்ளத்தில் விழும் அடி குறைகிறது. மேல் வலது மூலையில் ஒரு சின்னக் குமிழ் மாதிரி துருத்திக்கொண்டிருப்பதுதான் லேசர்.

இதன் சிறப்பே சுவிட்ச் இருக்கும் இடம்தான். க்ரிப்பின் முன்பக்கம், நடுவிரல் தானாகப் போய் உட்காரும் இடத்தில் ஒரு ரப்பர் பொத்தான். துப்பாக்கியை ஒழுங்காகப் பிடித்தால் லேசர் எரியும், பிடியைத் தளர்த்தினால் அணையும். தேட வேண்டாம், நினைவில் வைக்க வேண்டாம். பயத்தில் கை நடுங்கும்போது தனியாக ஒரு பட்டனைத் தேடி அமுக்குவது நடக்காத காரியம் என்று எந்தப் பயிற்சியாளரைக் கேட்டாலும் சொல்வார். 2010-ல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் முதல் பாடிகார்ட் 380 பிஸ்டலில் லேசர் உள்ளேயே பொருத்தி வந்தது, ஆனால் அதைத் தனியாக அமுக்கி எரியவிட வேண்டும். இரண்டையும் கையில் பிடித்துப் பார்த்தால் எது புத்திசாலித்தனமான அமைப்பு என்று உடனே புரிந்துவிடும்.

வலது கைக்காரர்கள் முதல் நாளே ஒன்றைக் கவனிப்பார்கள். சுடுவதற்கு முடிவெடுக்காதவரை ஆள்காட்டி விரலை ட்ரிகரில் வைக்காமல் சட்டத்தின் பக்கவாட்டில் நீட்டி வைக்க வேண்டும் என்பது அடிப்படைப் பழக்கம். அப்படி வைத்தால் விரல் சரியாக லேசருக்கு முன்னால் வந்து ஒளியை மறைத்துவிடும். சுவரில் புள்ளி இருக்காது, விரல் ஓரத்தில் சிவப்பாக ஒரு கீற்று மட்டும் தெரியும். "இது என்ன டிசைன்?" என்று பலர் திட்டுகிறார்கள். புள்ளியைப் பார்ப்பதற்காக விரலை ட்ரிகருக்குள் கொண்டுபோகும் பழக்கம் வந்துவிடக்கூடாது, அதுதான் இதில் உள்ள நிஜமான ஆபத்து. விரலைக் கொஞ்சம் மேலே, சிலிண்டருக்குக் கீழே சட்டத்தோடு ஒட்டி வைத்துப் பழகினால் ஒளி தப்பிவிடும். சின்னக் கை உள்ளவர்களுக்கு அது சுலபம், நீள விரல்காரர்கள் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். இடது கைக்காரர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

குறி சரிசெய்வது பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெட்டியைப் பிரித்து மாட்டிவிட்டு அப்படியே பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறவர்கள் அதிகம். கம்பெனியிலேயே 50 அடிக்குச் சரிசெய்துதான் அனுப்புகிறார்கள், ஆனால் அது உங்கள் துப்பாக்கிக்கு, உங்கள் தோட்டாவுக்குச் செய்தது இல்லை. ஊசி மாதிரி ஒரு அலன் கீ கூடவே வரும், தொலைத்துவிடாதீர்கள். ஒன்று மேலும் கீழும் நகர்த்தும் திருகு, மற்றது பக்கவாட்டுக்கு. முதலில் தோட்டா இல்லாமல், துப்பாக்கியை மணல் பையில் ஊன்றி, சைட் வழியாக ஒரு இடத்தைப் பார்த்து, முன் சைட்டின் உச்சியில் புள்ளி உட்காரும்வரை திருகை மெல்லத் திருப்ப வேண்டும். கால் சுற்றுக்கே புள்ளி நன்றாக நகரும், அவசரப்பட்டு முறுக்கக் கூடாது. அதற்கப்புறம் ரேஞ்சில் (சுட்டுப் பழகும் இடத்தில்) ஐந்து குண்டு சுட்டுப் பார்த்து, அந்தக் கூட்டம் எங்கே விழுந்ததோ அங்கே புள்ளியைக் கொண்டுபோக வேண்டும்.

இந்த இடத்தில்தான் லேசரின் இன்னொரு பெரிய நன்மை வெளிப்படும். 642-ன் சைட் அசையாதது, திருத்தவே முடியாது. இந்த மாதிரி ரிவால்வர்களின் சைட்டைப் பொதுவாக 158 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) குண்டுக்கு ஏற்றபடி அமைத்திருப்பார்கள். தற்காப்புக்கென்று இப்போது விற்கிற இலகுவான குண்டுகள், 110, 135 கிரெய்ன், குழலைச் சீக்கிரம் விட்டு வெளியேறுவதால் பார்த்த இடத்துக்குக் கீழே போய் விழும். சைட்டை ஒன்றும் செய்ய முடியாது. லேசரை நீங்கள் பாக்கெட்டில் எடுத்துச் செல்லும் அதே தோட்டாவுக்குச் சரிசெய்துகொள்ளலாம். மலிவான பயிற்சித் தோட்டாவுக்குச் சரிசெய்துவிட்டு வேறு தோட்டாவை நிரப்பிக்கொண்டு போனால் இந்த நன்மையே போய்விடும்.

புள்ளி விழும் இடமும் குண்டு விழும் இடமும் எல்லாத் தூரத்திலும் ஒன்றாக இருக்காது என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். லேசர் இருப்பது குழலுக்கு வலதுபுறம், கொஞ்சம் கீழே. இரண்டு கோடுகளும் நீங்கள் சரிசெய்த தூரத்தில்தான் சந்திக்கும். 10 கஜத்துக்குச் சரிசெய்திருந்தால் 5 கஜத்தில் புள்ளி பாதி இடைவெளி அளவுக்கு வலப்பக்கம் கீழே நிற்கும், 20 கஜத்தில் அதே அளவு முழுதாக இடப்பக்கம் மேலே போய்விடும். இடைவெளியே ஓர் அங்குலம் அளவுதான் என்பதால் தற்காப்புத் தூரத்தில் இது பெரிய விஷயமில்லை. ரேஞ்சில் காகிதத்தில் ஒரே துளையாகச் சுட வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்குத்தான் எரிச்சலாக இருக்கும். நான் 10 கஜத்தில் வைத்திருக்கிறேன், அதற்கு மேல் இந்தத் துப்பாக்கியை நம்பிச் சுடும் சூழ்நிலை வருவதே அரிது.

வெளிச்சத்தைப் பற்றிய உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸ் நண்பகலில், கார் நிறுத்தும் இடத்தில், சிவப்புப் புள்ளி சில அடிகளுக்கு அப்பால் காணாமல் போய்விடும். வெயில் விழும் வெள்ளைச் சுவரில் தேடினாலும் கிடைக்காது. இது எந்தக் கம்பெனியின் குறையும் இல்லை. இங்கே சாதாரணமாக விற்கும் லேசர் சைட்களின் சக்தி 5 மில்லிவாட்டுக்கு மேல் போவதில்லை, கண்ணின் பாதுகாப்புக்காக வைத்த வரம்பு. பச்சை லேசர் இதைவிட மேல். நம் கண்ணுக்குப் பகல் வெளிச்சத்தில் 555 நானோமீட்டர் அலைநீளம், அதாவது மஞ்சள் கலந்த பச்சை, மிக நன்றாகத் தெரியும். சிவப்பு 620-லிருந்து 670-க்குள் இருப்பதால் அதே சக்தியிலும் பல மடங்கு மங்கலாகத்தான் தெரியும். பச்சையிலும் இரண்டு வகை. பழைய வகை, அகச்சிவப்பு ஒளியைப் படிகம் வழியாகச் செலுத்தி 532 நானோமீட்டர் பச்சையாக மாற்றும். அது குளிரில் மங்கிப் படுத்தும். புதிய வகையில் டயோடே நேரடியாக 520-ஐ ஒட்டிய பச்சையைத் தருகிறது, அந்தத் தொல்லை குறைவு. ஆனால் பச்சை பொதுவாகப் பேட்டரியை அதிகம் தின்னும், விலையும் கூடுதல்.

அப்படியானால் பச்சைதானே வாங்க வேண்டும் என்று கேட்பீர்கள். நான் சிவப்பையே வைத்திருக்கிறேன். பகலில் லேசர் எடுபடாத நேரத்தில் இரும்பு சைட் நன்றாகத் தெரிகிறது, இரும்பு சைட் தெரியாத மங்கல் வெளிச்சத்தில் சிவப்புப் புள்ளி கண்ணைப் பறிக்கிறது. ஒன்று விட்ட இடத்தை மற்றது பிடித்துக்கொள்கிறது. அதனால் லேசர் வாங்குவதற்கு முன்பே முன் சைட்டுக்கு ஒரு வேலை செய்யுங்கள்: நன்றாகத் துடைத்துவிட்டு, முதலில் வெள்ளை நெயில் பாலிஷ், காய்ந்ததும் அதன் மேல் பளிச்சென்ற ஆரஞ்சு நெயில் பாலிஷ். சில டாலர் செலவு. பகலில் எந்த லேசரைவிடவும் அது உதவும்.

இருட்டில் லேசர் அற்புதம், ஆனால் லேசர் டார்ச் இல்லை. இதை அழுத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. புள்ளி எங்கே விழுகிறது என்று தெரியும், யார் மேல் விழுகிறது என்று தெரியாது. நடு ராத்திரி சமையலறையில் நடமாடுவது திருடனா, தண்ணீர் குடிக்க வந்த மகனா என்பதைச் சிவப்புப் புள்ளி சொல்லாது. கையில் ஒரு நல்ல டார்ச் கட்டாயம் வேண்டும். அப்படி இடது கையில் டார்ச் இருக்கும்போது வலது கை ஒன்றால்தான் துப்பாக்கியைப் பிடிக்க வேண்டும், அந்த நிலையில்தான் லேசர் மிகவும் கைகொடுக்கிறது. கீழே விழுந்து கிடக்கும்போது, கதவு மறைவில் வளைந்து நிற்கும்போது, துப்பாக்கியைக் கண் உயரத்துக்குக் கொண்டுவர முடியாத எந்த நிலையிலும் இதே கதைதான்.

இனி இதை நான் வாங்கச் சொல்வதற்கான முதல் காரணம். ட்ரை ஃபயர், அதாவது தோட்டா இல்லாமல் ட்ரிகரை இழுத்துப் பழகுவது. தோட்டாக்களை எல்லாம் எடுத்து வேறு அறையில் வைத்துவிட்டு, சிலிண்டரைத் திறந்து ஐந்து அறையும் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, ஸ்னாப் கேப் (வெடிக்காத போலித் தோட்டா) போட்டு, குண்டு போனாலும் யாருக்கும் ஆபத்தில்லாத ஒரு சுவரைப் பார்த்து ட்ரிகரை இழுக்க வேண்டும். முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கும் அறையில் இதைச் செய்யக் கூடாது, ஒளி திரும்பி வந்து கண்ணில் அடிக்கும். சுவரில் ஒரு தபால்தலை அளவு காகிதத்தை ஒட்டி, அதன் மேல் புள்ளியை வைத்து இழுத்துப் பாருங்கள். ட்ரிகர் பின்னால் வர வர, புள்ளி இடப்பக்கம் நகரும். சுத்தியல் விழுகிற நொடியில் கீழே ஒரு வெட்டு வெட்டும். அந்த வெட்டுதான் ரேஞ்சில் உங்கள் குண்டுகள் எல்லாம் ஏன் இடது கீழ் மூலையில் விழுகின்றன என்பதற்கான பதில்.

என் மனைவிக்கு முதலில் இந்த ரிவால்வரே பிடிக்கவில்லை. ரேஞ்சில் ஒவ்வொரு சத்தத்துக்கும் கண்ணை மூடிக்கொள்வாள், எங்கே படுகிறது என்றே தெரியாமல் சுட்டுவிட்டு இறக்கி வைத்துவிடுவாள். லேசர் மாட்டிய பிறகு ஹாலில் நின்று சுவரைப் பார்த்து இழுத்தாள். "என்னங்க, புள்ளி ஆடிக்கிட்டே இருக்கு, நிக்கவே மாட்டேங்குது" என்றாள். ஆடட்டும், காகிதத்துக்குள்ளேயே ஆடினால் போதும், நீ இழுப்பதை மட்டும் நிறுத்தாமல் ஒரே சீராக இழு என்றேன். விரலின் நுனியால் இழுத்தபோது புள்ளி ஒரு பக்கம் போனது. முதல் மடிப்பு வரை உள்ளே விட்டு இழுத்தபோது அந்த இழுப்பு குறைந்தது. நான் வாயால் எத்தனையோ தடவை சொல்லியும் புரியாதது, புள்ளியைப் பார்த்ததும் அவளுக்கே புரிந்துவிட்டது. சுண்டு விரலுக்கு இடமில்லாத இந்தக் குட்டிக் க்ரிப்பில் எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்பதையும் அவளே கண்டுபிடித்துக்கொண்டாள். இப்போது ஐந்தில் ஐந்தும் தட்டு அளவுக்குள் போடுகிறாள், 7 கஜத்தில். எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

ரேஞ்சிலும் ஒரு பயிற்சி உண்டு, ரிவால்வரில் அது இன்னும் சுலபம். மூன்று நல்ல தோட்டா, இரண்டு சுட்ட வெற்றுக் கூடு, கலந்து போட்டு, சிலிண்டரைப் பார்க்காமல் சுழற்றி மூட வேண்டும். எது வெடிக்கும் எது வெடிக்காது என்று தெரியாது. வெற்றுக் கூட்டின் மேல் சுத்தியல் விழும்போது புள்ளி அசையாமல் நின்றால் நீங்கள் ஒழுங்காகச் சுடுகிறீர்கள், தரையை நோக்கிப் பாய்ந்தால் வெடிக்கப்போகிறது என்ற பயத்தில் கை முந்திக்கொள்கிறது. பக்கத்தில் நிற்கும் பயிற்சியாளருக்கும் இது வசதி, மாணவரின் கையைப் பார்த்து ஊகிக்க வேண்டியதில்லை, புள்ளியே போதும். எங்கள் ரேஞ்சில் வகுப்பெடுக்கும் ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் லேசர் இல்லாதவர்களுக்கும் கொஞ்ச நேரம் லேசர் வைத்த துப்பாக்கியைக் கொடுத்துப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

இன்னொரு விஷயமும் கண்ணில் படும். துப்பாக்கியைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து நீட்டும் பயிற்சியின்போது லேசர் எரிந்தால், குழல் முனை வழியில் எதையெல்லாம் தடவிக்கொண்டு போகிறது என்று தரையிலும் சுவரிலும் கோடாகத் தெரியும். சொந்தத் தொடை, சொந்த இடது கை, பக்கத்தில் உள்ள நாற்காலி. அழிக்கத் தயாராக இல்லாத எதன் மேலும் குழல் முனை போகக் கூடாது என்று துப்பாக்கிப் பயிற்சியில் பெயர்பெற்ற ஜெஃப் கூப்பர் வகுத்த விதியை எல்லோரும் ஒப்பிப்பார்கள். தன் குழல் முனை எங்கே போகிறது என்று தெரிந்தவர்கள் குறைவு.

குறை இல்லாமல் இல்லை. புள்ளியைத் துரத்தும் வியாதி என்று ஒன்று வரும். மனிதக் கை ஆடாமல் இருக்காது. இரும்பு சைட்டில் அந்த ஆட்டம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது, லேசரில் பூதாகாரமாகத் தெரியும். அதனால் சிலர் புள்ளி சரியாக நடுவுக்கு வரும்வரை காத்திருந்து, வந்த நொடியில் ட்ரிகரை வெடுக்கென்று இழுப்பார்கள். குண்டு எங்கேயோ போகும். அதற்கு மருந்து, பாதிப் பயிற்சியை லேசரை அணைத்துவிட்டுச் செய்வதுதான். சைட்டைக் கண்ணுக்கு நேராகக் கொண்டுவரும் பழக்கம் போய்விடக் கூடாது. பேட்டரி தீர்ந்த அன்று, ஈரத்தில் பொத்தான் வேலை செய்யாத அன்று, இரும்பு சைட் மட்டும்தான் இருக்கும்.

அந்த ரப்பரும் பாக்கெட்டுக்கு அவ்வளவு ஒத்துவராது. துணியோடு ஒட்டிக்கொண்டு உள் துணியையும் சேர்த்து வெளியே இழுக்கும். பாக்கெட் ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) கட்டாயம் வேண்டும், அதுவும் வலப்பக்கக் குமிழுக்கு இடம் விட்டதாக, ட்ரிகரை முழுதாக மூடுவதாக இருக்க வேண்டும். பாக்கெட்டில் மட்டுமே வைக்கிறவர்கள் அதே கம்பெனியின் எல்ஜி-105-ஐயும் பார்க்கலாம். வழவழப்பான கெட்டிப் பிளாஸ்டிக், சட்டென்று வெளியே வரும், ஆனால் முதுகுப் பக்கம் மூடாததால் உதை நேராக எலும்பில் விழும். இடுப்பில் வைக்கிறவர்களுக்கு 405 தான்.

எல்சிபி வைத்திருப்பவர்களுக்கு லேசர்கார்ட் என்று வேறு அமைப்பு. ட்ரிகரைச் சுற்றியுள்ள வளையத்துக்கு முன்னால், குழலுக்குக் கீழே மாட்டுவது. நண்பர் ஒருவரிடம் இருக்கிறது, வாங்கிச் சுட்டுப் பார்த்தேன். குழலுக்கு நேர் கீழே இருப்பதால் பக்கவாட்டு விலகல் கிடையாது, விரல் மறைப்பதும் கிடையாது. ஆனால் குழல் முனைக்குப் பக்கத்தில் இருப்பதால் கண்ணாடியில் கரி சீக்கிரம் படியும், புள்ளி புகை படிந்த மாதிரி பரந்து தெரியும். பஞ்சுக் குச்சியில் ஆல்கஹால் தொட்டு துடைத்தால் போதும். பாக்கெட்டில் வைக்கும் எந்த லேசருக்கும் இதுவே பராமரிப்பு, நூல் பிசிறும் தூசியும் அந்தச் சின்னத் துளையில்தான் போய் அடையும்.

இணையத்தில் முப்பது, நாற்பது டாலருக்குக் கிடைக்கும் பெயர் தெரியாத லேசர்களையும் ஒரு காலத்தில் வாங்கிப் பார்த்தேன், பெயர் வேண்டாம். ஒரு பெட்டித் தோட்டா சுடுவதற்குள் குறி நகர்ந்துவிட்டது. திருகை இறுக்கினால் மறுபடி நகர்ந்தது. சுவரில் பயிற்சி செய்ய மட்டும் என்றால் பரவாயில்லை, உயிரைக் காக்க நம்பும் துப்பாக்கியில் அதை மாட்டாதீர்கள்.

405-ல் இரண்டு சிஆர்2032 பேட்டரி, எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் வட்டப் பேட்டரிதான். தொடர்ந்து எரிந்தால் நான்கு மணி நேரத்துக்கு மேல் வரும் என்கிறது கம்பெனி. வீட்டில் நிறைய ட்ரை ஃபயர் செய்கிறவர்களுக்குச் சீக்கிரம் தீரும், மங்கத் தொடங்கியதும் மாற்றிவிடுங்கள். மற்றவர்கள் வருடத்துக்கு ஒரு முறை பிறந்தநாள் மாதிரி ஒரு தேதி வைத்துக்கொண்டு மாற்றுவது நல்லது. மாற்றிய பிறகு ஒரு முறை குறியைச் சரிபார்க்க வேண்டும்.

விலை கடைக்குக் கடை மாறும், சிவப்பு 405 இருநூறிலிருந்து முந்நூறு டாலருக்குள் வரும், துப்பாக்கியின் விலையில் ஏறக்குறைய பாதி. அந்தக் காசுக்கு எட்டு, பத்துப் பெட்டி .38 தோட்டா வாங்கலாம், இல்லாவிட்டால் ஒரு நாள் வகுப்புக்குப் போகலாம். இதுவரை வகுப்புக்கே போகாதவர்கள் முதலில் அதைச் செய்யுங்கள். அதை முடித்தவர்கள், 642-ஐ வாங்கிவிட்டு அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவர்கள், முன் சைட் மங்கலாகத் தெரிய ஆரம்பித்தவர்கள், வீட்டில் பயிற்சி செய்யும் பொறுமை உள்ளவர்கள், தயங்காமல் வாங்குங்கள். இனிமேல்தான் துப்பாக்கியே வாங்கப்போகிறீர்கள் என்றால், க்ரிம்ஸன் ட்ரேஸ் லேசர் க்ரிப் மாட்டியே வரும் 642-ஐயும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் விற்கிறது, தனித்தனியாக வாங்குவதைவிட அது பெரும்பாலும் மலிவாக முடியும், கடையில் கேட்டுப் பாருங்கள்.